கேசட், கொட்டகை, மொட்டை மாடி: வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணம் வாசகி: 1994-ல் நடந்த எங்கள் கல்யாணம் மூன்று வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கிறது. மகன் யு.எஸ்.பி.யில் சொருகும் கருவி ஒன்றை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தான். படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது, மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் போனால் படம் முன்னால் போய்விடுகிறது, நாதஸ்வரச் சத்தம் பின்னால் வருகிறது. மூன்றாவது கேசட்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. என்ன செய்வது?

இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். முதலில் அந்த வெள்ளைக் கேசட்டைப் பிரித்து வையுங்கள். அது பூஞ்சை. கேசட்டின் சிறு கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் நூல் நூலாகவோ திட்டுத் திட்டாகவோ தெரியும். அதை உங்கள் பிளேயரில் போட்டால் பூஞ்சைத் தூள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். ஈரத்தில் இளகிய டேப் ஹெட்டில் ஒட்டிக் கிழிந்தும் போகும். அந்த ஒன்றை மட்டும் பூஞ்சை நீக்கத் தெரிந்த கடையில் கொடுங்கள். “பூஞ்சைக் கேசட்டுக்குத் தனி மெஷின் வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

மற்ற இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம். கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது. பல வருடம் அசையாமல் கிடந்த டேப் ஒட்டிக்கொண்டும் தளர்ந்தும் இருக்கும் என்பதால், பிளே போடும் முன் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, முழுவதும் திரும்பச் சுற்றுங்கள்.

அடுத்தது ஹெட். பிளேயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால் பளபளவென்று ஒரு உருளை தெரியும். நூல் பிரியாத மெல்லிய தோல் துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கவாட்டில் லேசாக வைத்துப் பிடியுங்கள். துணியை அசைக்கக் கூடாது. மறு கையால் உருளையின் தலையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் இழை முனையில் மாட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் உலர விட்டுப் பிறகு மூடுங்கள்.

கறுப்பு வெள்ளையும் உருளுதலும் கேசட்டின் குற்றமில்லை. நம் ஊர் கேசட்டுகள் பால் (PAL) என்ற வீடியோ முறையில் பதிவானவை: விநாடிக்கு 25 ஃபிரேம். இந்த மலிவுக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் அமெரிக்க என்.டி.எஸ்.சி.யில் நிற்கும். அமைப்புக்குள் போய் ‘பால் – பி’ என்று மாற்றி, அளவை 720×576, வேகத்தை 25 என்று வையுங்கள். படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடினால் அது டிராக்கிங். பிளேயரில் அதற்கான திருகையோ பட்டனையோ வைத்துச் சரிசெய்யலாம்.

சத்தம் நழுவுவதுதான் தொல்லை பிடித்தது. பழைய டேப்பின் வேகம் சீராக இருக்காது. தடுமாறும் இடங்களில் கருவி சில ஃபிரேம்களை விட்டுவிடும், ஆனால் ஒலி விடாமல் ஓடும். அரை மணி நேரத்தில் அந்த வித்தியாசம் கூடிக் கூடிக் கண்ணில் படுகிறது. கருவியை ஹப்பில் சொருகாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் சொருகுங்கள். பென் டிரைவில் பதியாமல் கம்ப்யூட்டர் வட்டிலேயே பதியுங்கள். பதிவு முடியும்வரை வேறு வேலை எதையும் திறக்க வேண்டாம். அப்படியும் நழுவினால் பழைய டி.வி.டி. ரெக்கார்டர் (வெறும் பிளேயர் இல்லை) யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேசட் பிளேயரின் வயரை அதன் உள்ளே கொடுத்து, அதன் வெளி வயரைக் கருவிக்குக் கொடுத்தால், பல மாடல்கள் தள்ளாடும் சிக்னலை நிமிர்த்தி அனுப்பும். பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து பிறகு ஒட்டுவதும் ஒரு வழி.

எச்.264 என்ற வீடியோ வடிவில் 4 எம்.பி.பி.எஸ். வேகத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.8 ஜி.பி. ஆகும். மூன்று மணி நேரக் கேசட் 5.4 ஜி.பி.யில் அடங்கிவிடும். அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் மாற்றும்போது ‘டீஇன்டர்லேஸ்’ போடுங்கள். முதலில் பத்து நிமிடம் மட்டும் செய்து பார்த்துவிட்டு முழுதும் ஓட்டுங்கள். பிரதி இரண்டு இருக்க வேண்டும், இரண்டும் ஒரே பீரோவில் இருக்கக் கூடாது.

யூடியூபில் ஏற்றி உறவினருக்கு அனுப்ப நினைத்தால் ஒன்று. அந்தக் கால கல்யாண வீடியோக்காரர்கள் தாலி கட்டும் காட்சி முதல் பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டு போட்டிருப்பார்கள். பாட்டின் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் உரிமை கோரும், சில நேரம் ஒலியே அணைக்கப்படும். கோப்பாக அனுப்பிவிடுவது நிம்மதி.

திருநெல்வேலி வாசகர்: பழைய படம் ஆரம்பிக்கும் முன் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கிறதே, அதை வைத்து எத்தனை மணி நேரப் படம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஓடுகிறது, ஆக விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. மீட்டரில் சொன்னால் 27.4. சான்றிதழில் 4,400 மீட்டர் என்றிருந்தால் 27.4-ஆல் வகுங்கள்: 160 நிமிடம், இரண்டு மணி நாற்பது. ‘பதினாறு ரீல் படம்’ என்று பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான். ரீலுக்கு ஆயிரம் அடி, அதாவது 11 நிமிடம். ஆனால் ரீல் எதுவும் முழுதாக நிரம்பியிருக்காது. அதனால் ரீல் எண்ணிக்கையை வைத்துப் பெருக்கினால் படம் நிஜத்தைவிட நீளமாக வரும். மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

தொலைக்காட்சியில் அதே படம் சில நிமிடம் சீக்கிரம் முடிவதைக் கவனித்திருக்கலாம். அது எப்போதும் வெட்டு இல்லை. 24-ல் எடுத்ததை 25-ல் ஓட்டினால் நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும். 160 நிமிடப் படத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் போய்விடும். பாட்டின் சுருதிகூடக் கொஞ்சம் ஏறும்.

சென்னை, பெரம்பூர் வாசகி: நாங்கள் நான்கு பேர். ஒரு படத்துக்குப் போய் வந்தால் ஆயிரத்து ஐந்நூறு கரைகிறது. எதைக் குறைக்கலாம்?

பணம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 2017 அக்டோபரில் வைத்த உச்சவரம்பு 150 ரூபாய், வரி தனி. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 150 என்பது 177 ஆகிறது, உள்ளாட்சிக் கேளிக்கை வரி அதன் மேல். 100 ரூபாயோ அதற்குக் கீழோ இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதாவது 105. உள்ளாட்சி வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நான்கு பேருக்கு 708 எங்கே, 420 எங்கே! ஒற்றைத் திரை தியேட்டர்களில் புரொஜெக்டர், ஒலி எல்லாம் புதுப்பித்தவை இப்போது நிறையவே உண்டு. அங்கே நூறு ரூபாய் வகுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆன்லைனில் எடுத்தால் வசதிக் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உண்டு, அதற்கும் 18 சதவீத வரி. முதல் வார ஞாயிறு மாலைக்கு அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவது வாரம் செவ்வாய், புதன் மதியக் காட்சிக்குக் கவுன்ட்டரில் போய் நின்றாலே டிக்கெட் கிடைக்கும். ஆன்லைன் வரைபடத்தில் எத்தனை இடம் காலி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.

தின்பண்டம்தான் பெரிய ஓட்டை. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டு வரக் கூடாது என்று சொல்ல தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே விசாரணையில் இரண்டு விஷயம் உறுதியானது: சுத்தமான குடிநீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது. ஆகவே தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, குழாய் எங்கே என்று கேளுங்கள், காட்டியாக வேண்டும். தியேட்டர் கவுன்ட்டரில் உதிரியாக விற்கும் பாப்கார்னுக்கு 2023 ஜூலைக்குப் பிறகு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டிய ‘காம்போ’வாக எடுத்தால் டிக்கெட்டின் வரி விகிதமே பாப்கார்னுக்கும் விழும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதற்கு ஈடு எதுவும் இல்லை. பதினொரு மணிக் காட்சிக்குப் போனால் இடைவேளையில் குழந்தைகளுக்குப் பசிக்கும். இரண்டரை மணிக் காட்சி என்றால் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும்.

இடம் எடுக்கும்போது முன்வரிசை மலிவென்று ஆசைப்படாதீர்கள், கழுத்து சொல்லிக் காட்டும். அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில் உட்காருங்கள். ஒலியை அளந்து சரிசெய்வதே பெரும்பாலும் அந்த இடத்தை வைத்துத்தான்.

ராமேஸ்வரம் வாசகர்: சின்ன வயதில் எங்கள் ஊரில் ரூபவாகினிதான் தெரியும். சில இரவு கண்ணாடி மாதிரி, சில இரவு வெறும் புள்ளி. ஏன் அப்படி?

இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினி 1982 பிப்ரவரி 15-ல் தொடங்கியது. முதன்மைக் கோபுரம் பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். அத்தனை உயரத்திலிருந்து கிளம்பும் அலை, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், வீட்டு மாடி ஆன்டெனாவுக்குச் சுமார் 220 கி.மீ. தூரம் வரைதான் எட்டும். ராமேஸ்வரத்துக்கும் அந்த மலைக்கும் ஏறத்தாழ 300 கி.மீ. மிச்சத் தூரத்தைக் கடக்க வைத்தது கடல். தரையிலிருந்து வீசும் சூடான வறண்ட காற்று, கடல் மேல் கிடக்கும் குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் போர்வையாகப் படியும்போது, அலை மேலே தப்பாமல் அந்த இடைவெளியிலேயே வளைந்து வளைந்து ஓடும். காற்று பலமாக வீசினாலோ மழை பெய்தாலோ போர்வை கலையும், படம் புள்ளியாகும். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி “வந்துச்சா… வந்துச்சா?” என்று மாடியிலிருந்து கத்தியதில் பாதி வீண். பல நேரம் ஆன்டெனா சரியாகத்தான் இருந்திருக்கும், மேலே காற்றுதான் மாறியிருக்கும்.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் அருகில், வன்னியில் கொக்காவில் மறுஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. 1990-ல் போரில் அது அழிந்தது. புதிய கோபுரம் 2011-ல்தான் எழுந்தது. தொண்ணூறுகளில் படம் மங்கியதாக உங்களுக்கு நினைவிருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுரை வாசகி: பள்ளி விடுமுறையில் தெருப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மொட்டை மாடியில் படம் போட ஆசை. மலிவு புரொஜெக்டர் வாங்கலாமா? வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதுமா?

வேட்டியில் தொடங்குகிறேன். நெசவு வழியே வெளிச்சத்தில் பெரும் பங்கு பின்னால் போய்விடும். படம் அந்தப் பக்கமும் தெரியும், இந்தப் பக்கம் மங்கும். காற்றில் ஆடவும் செய்யும். பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் அச்சடிக்காத வெள்ளை பிளெக்ஸ் ஆறு அடிக்கு நாலு அடி வெட்டித் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் கறுப்பாக உள்ள ரகம் கிடைத்தால் வெளிச்சம் ஊடுருவாது. பளபளப்பு இல்லாத பக்கம் பார்வையாளரை நோக்க வேண்டும். மேலும் கீழும் ஒவ்வொரு பி.வி.சி. குழாயைச் செருகித் தைத்தால் சுருக்கமில்லாமல் தொங்கும். கீழ்க் குழாயில் மணல் அடைத்தால் காற்றுக்கும் ஆடாது. மாடிப்படி அறையின் சுவர் சுண்ணாம்பு அடித்து வழவழப்பாக இருந்தால் இது எதுவுமே வேண்டாம்.

புரொஜெக்டர் பெட்டியில் எழுதியிருக்கும் ‘9000 லூமன்ஸ்’ வகை எண்களை அப்படியே மறந்துவிடுங்கள். ஆன்சி லூமன்ஸ் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று தேடுங்கள். அந்தச் சொல்லே இல்லாவிட்டால் விடையும் தெரிந்துவிட்டது. 80 அங்குலப் படத்துக்கு (சுமார் 5.8 அடி அகலம், 3.3 அடி உயரம்) இருட்டான மாடியில் 200 ஆன்சி லூமன்ஸ் இருந்தால் தியேட்டர் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதே கருவியில் 120 அங்குலம் ஆசைப்பட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகும், வெளிச்சம் பாதிக்கும் கீழே போகும். மலிவு புரொஜெக்டர் வாங்கியவர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது பொறி, ‘1080பி சப்போர்ட்’. அந்தக் கோப்பை ஓட்டும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். கருவியின் சொந்தத் தெளிவு 480 ஆக இருக்கலாம். ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். மூன்றாவது, ஓ.டி.டி. பல மலிவுக் கருவிகளுக்கு, திருட்டுப் பதிவைத் தடுக்க இந்தச் செயலிகள் கேட்கும் வைட்வைன் எல்1 சான்று இல்லை. சந்தா கட்டியிருந்தாலும் படம் மங்கிய தரத்தில்தான் வரும், சில செயலிகள் திறக்கவே திறக்காது. டி.வி.யில் சொருகும் ஸ்டிக் ஒன்றை எச்.டி.எம்.ஐ.யில் மாட்டினால் இந்தத் தொல்லை தீரும்.

தூரம்: பெட்டியில் ‘த்ரோ ரேஷியோ 1.4’ என்றிருந்தால் பட அகலத்தை 1.4-ஆல் பெருக்குங்கள். 5.8 அடி அகலத்துக்கு எட்டடி. ஒலிக்குப் புளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கமாகப் போகும். நீளமான ஆக்ஸ் வயரே போதும். விளக்குப் பூச்சி லென்ஸைத் தேடி வரும். பத்தடி தள்ளி வேறொரு பல்பை எரியவிட்டால் முக்கால்வாசி அங்கே போய்விடும். ஏழு மணிக்குள் தொடங்காதீர்கள், மே மாதத்தில் அந்நேரம் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். வயரைப் பிள்ளைகள் ஓடும் வழியில் போடாமல் கைப்பிடிச் சுவரோரம் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் காசு வாங்க வேண்டாம். வாங்கினால் அது பொதுக் காட்சி, உரிமைதாரரிடம் அனுமதி தேவைப்படும்.

ஈரோடு வாசகர்: தாத்தாவின் டயனோரா கறுப்பு வெள்ளை டி.வி. பரணில் இருக்கிறது. ஓட வைக்கலாமா?

நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். பல வருடம் மின்சாரம் பார்க்காத கண்டென்சர்கள் வெடிக்கலாம். 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியே கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடுங்கள். பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம், பிக்சர் டியூப் அணைத்த பிறகும் பல ஆயிரம் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள்.

ஓடினாலும் பார்க்க ஒளிபரப்பு வேண்டுமே. பழைய வான்வழி அனலாக் ஒளிபரப்பு போய்விட்டது. பின்னால் ஆன்டெனாவுக்கு இரண்டு திருகு மட்டும் இருந்தால் அது 300 ஓம் இணைப்பு, தட்டை வயர் காலம். செட்-டாப் பாக்ஸின் மஞ்சள்-வெள்ளை வயரை ஆர்.எஃப். மாடுலேட்டருக்கு (படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சிக்னலாக மாற்றும் பெட்டி) கொடுத்து, அங்கிருந்து 75 ஓமை 300 ஆக்கும் ‘பாலன்’ (balun) என்ற சின்ன இணைப்பான் வழியாகத் திருகில் மாட்டி, மாடுலேட்டரில் உள்ள சேனலை டி.வி.யில் பிடியுங்கள். படம் உருண்டால் பின்னால் ‘வி-ஹோல்டு’ என்ற திருகு, அரை மில்லிமீட்டர் திருப்பினால் போதும்.

விருத்தாசலம் வாசகி: மாதக் கட்டணம் இல்லாத டிஷ் என்கிறார்களே?

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கியது. டிஷ், எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பாகம்), பாக்ஸ், வயர் ஒரு முறை வாங்கினால் சரி. செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில். சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, காம்பஸில் 134, அண்ணாந்து 68 டிகிரி. உங்கள் ஊரிலும் பெரிய வித்தியாசம் இராது. டிஷ் அந்த அளவுக்கு அண்ணாந்திராததுபோலத் தெரிந்தால் பயப்படாதீர்கள், எல்.என்.பி. கீழே தள்ளி இருக்கும் வகைக்கு அப்படித்தான். பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 என்று உறுதி செய்யுங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் பல சேனல்கள் வராது. தனியார் தமிழ்ச் சேனல்களை எல்லாம் எதிர்பார்த்து வாங்காதீர்கள். டி.டி. தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை) வரும். தூர்தர்ஷனின் பழைய தொடர்கள்தான் வேண்டும் என்றால் டிஷ்ஷே தேவையில்லை. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியில் தேடுங்கள்.

வேலூர் வாசகர்: பழைய தொடர்களைப் புது டி.வி.யில் போட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களே?

அவை 4:3 (அகலம் நான்குக்கு உயரம் மூன்று) திரைக்கு எடுத்தவை. ரிமோட்டில் பட அளவை ‘4:3’ அல்லது ‘ஒரிஜினல்’ என்று மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், இருக்கட்டும். ‘ஜூம்’ போட்டால் பட்டை போகும், கூடவே நெற்றிப் பொட்டும் போகும்.

திருச்சி வாசகி: ‘யு/ஏ 13+’ படத்துக்கு என் பத்து வயதுப் பையனை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். 2024 நவம்பரிலிருந்து வந்த 7+, 13+, 16+ மூன்றும் பெற்றோர் முடிவு செய்வதற்கான குறிப்பு. ‘ஏ’ என்றால் நீங்கள் கூடவே போனாலும் பதினெட்டு நிரம்பாதவருக்கு அனுமதி கிடையாது. டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஓர் எழுத்தைப் பார்த்துவிடுங்கள், வாசலில் திருப்பி அனுப்பினால் பணம் வராது.